துணி தைக்கத் தெரியும், தோல் தைக்கலாமா?

கேள்வி இதுதான்: திருப்பூரில் பத்து வருடமாக பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் கம்பெனித் தையல் மெஷின்) டைலர். மனைவிக்கும் நன்றாகத் தைக்க வரும். வீட்டை ஒட்டி 10-க்கு 15 அடியில் ஓர் அறை இருக்கிறது, கையில் 3 லட்சம் இருக்கிறது. தோல் பை, பெல்ட், பர்ஸ் செய்து விற்க ஆசை. இருக்கிற மெஷினே போதுமா, புதிதாக எது வாங்குவது?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் மெஷினைக் கடைசியாக வாங்குங்கள். நீங்கள் முதல் கேள்வியாகக் கேட்டதற்கு இப்படிப் பதில் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். துணியில் பத்து வருடம் இருந்தவர்கள் தோலுக்கு வரும்போது எல்லோரும் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். கையில் இருந்ததையெல்லாம் போட்டு மெஷின் வாங்கிவிட்டு, அதில் போட்டுத் தைக்கத் தோல் வாங்கக் காசில்லாமல் இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பனியன் கம்பெனியில் துணி ரோலாக வருகிறது. முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒன்றுதான். கட்டிங் மாஸ்டர் நூறு அடுக்கு விரித்து ஒரே வெட்டில் முடித்துவிடுவார். தையல் தப்பினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோல் அப்படி இல்லை. அது மாட்டின் வடிவத்தில் வருகிறது, ஆட்டின் வடிவத்தில் வருகிறது. ஒரே தோலில் முதுகு ஒரு மாதிரி, வயிறு ஒரு மாதிரி. ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான், பிரித்தாலும் மறையாது. அதனால் இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் வேலை தையலுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது: தோலைத் தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, ஓரம் சீவுவது, ஒட்டுவது. இந்த நான்கும் சரியாக இருந்தால் தையல் உங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். நூலும் அதன் டென்ஷனும் ஏற்கெனவே உங்கள் கைக்குத் தெரிந்தவைதானே.

முதலில் தோல் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேசை மேல் விரித்து, முதுகெலும்பு ஓடிய கோடு எங்கே என்று பாருங்கள். அந்தக் கோட்டின் இரு பக்கமும், பின்பக்கம் வரை, இறுக்கமான பகுதி. இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் அவ்வளவாக நீளாது. வயிற்றுப் பக்கமும் கால் இடுக்கும் தொளதொளவென்று இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். கழுத்தில் சுருக்கக் கோடுகள் இருக்கும். இன்னொரு சோதனை: மேல்பக்கம் உள்ளே வருமாறு விரலால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். நெருக்கமான மெல்லிய சுருக்கம் விழுந்தால் தோல் இறுக்கம். பெரிய பெரிய மடிப்பாக உப்பிக்கொண்டு வந்தால் அது லூஸ். அந்த இடத்தைப் பையின் முகப்பில் வைத்தால் ஆறே மாதத்தில் தொங்கும். கைப்பிடி, பெல்ட், வார் எல்லாம் முதுகுக் கோட்டுக்கு இணையாகத்தான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதியை வீணாக்க வேண்டாம். உள் பாக்கெட், சாவிக்கொத்து, அடியில் ஒட்டும் பட்டி என்று போய்விடும்.

எந்தத் தோல்? கடையில் இரண்டு வகை பார்ப்பீர்கள். குரோம் (குரோமியம் உப்பு) போட்டுப் பதனிட்ட தோல் மென்மையாக, எந்த நிறத்திலும் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து வருவதில் பெரும்பகுதி இதுதான். பைக்கும் பர்ஸுக்கும் இது சரி. இன்னொன்று மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் பழைய காலத்திலிருந்து நடப்பது, ஏற்றுமதி வட்டாரத்தில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பார்கள். புவிசார் குறியீடும் பெற்றது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வெயில் பட்டால் நிறம் ஏறும், ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். பெல்ட்டுக்கு இந்த வகையில் நல்ல கனமானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். குரோம் தோலின் ஓரம் என்ன தேய்த்தாலும் அப்படிப் பளபளக்காது. அதை மடித்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

கடுக்காய்த் தோலில் ஒரு விஷயம் யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள். ஈரக் கையோடு இரும்புக் கத்தரியைத் தொட்டுவிட்டு அந்தத் தோலைத் தொட்டால் நீலக்கறுப்பாகக் கறை விழும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். எலுமிச்சைச் சாற்றை லேசாகத் தொட்டுத் துடைத்தால் மங்கும். சில சமயம் முழுதாகப் போகும், சில சமயம் போகாது. கையைத் துடைத்துக்கொண்டு வேலை செய்வது சுலபம்.

கனம் மில்லிமீட்டரில் பேசுவார்கள். நான் வைத்துக்கொள்ளும் அளவு: பர்ஸின் உள்பகுதிக்கு 0.6 முதல் 0.8, வெளிப்பகுதிக்கு 1 முதல் 1.2, பைக்கு 1.2 முதல் 1.6, பெல்ட்டுக்கு 3 முதல் 3.5. வாங்கும்போது கனம் பார்க்கும் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

திருப்பூரிலிருந்து போவதென்றால் சென்னையில் பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தோல், லைனிங் (உள்துணி), ஜிப், பக்கிள், சொல்யூஷன் (ஒட்டும் பசை), நூல் என்று எல்லாம் கிடைக்கும். தோல் சதுர அடிக் கணக்கு. ஏற்றுமதிக்காரர்கள் சதுர டெசிமீட்டரில் பேசுவார்கள். ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர். தோலின் அடிப்பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். 12 என்று பெரிதாக எழுதி, மேலே சின்னதாக 3 போட்டிருந்தால் பன்னிரண்டே முக்கால் அடி என்று அர்த்தம். அந்தச் சின்ன எண் கால் அடிக் கணக்கு. முதல் தடவை 123 என்று படித்து நான் முழித்தது இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு ஆர்டருக்கு வேண்டிய தோல் முழுவதையும் ஒரே லாட்டில் வாங்குங்கள். இது எனக்குப் பணம் கட்டிக் கிடைத்த பாடம். ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுக்க அறுபது பை கேட்டது. நாற்பதுக்குத் தோல் வாங்கி, மீதி இருபதுக்குப் பத்து நாள் கழித்து அதே கடையில், அதே பெயர் சொல்லி, அதே பிரவுன் வாங்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே நிறம். வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்றில் சிவப்பு ஓடியது. இருபது பையும் திரும்பி வந்தன. கடைக்காரர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

இனி வெட்டுவது. லாபமோ நஷ்டமோ இந்த மேசையில்தான் முடிவாகிறது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பேட்டர்னைக் கெட்டி அட்டையில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பெயர், எத்தனை வேண்டும், எந்தத் திசை என்று எழுதுங்கள். தோலில் இருக்கும் வடு, உண்ணி கடித்த புள்ளி, சூட்டுத் தழும்பு எல்லாவற்றையும் முதலில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட வேண்டும். பிறகு பெரிய துண்டுகளை நல்ல இடத்தில் வைத்து, சின்னவற்றை இடைவெளியில் செருகுங்கள். எல்லாத் துண்டும் வைத்துப் பார்க்கும் வரை கத்தியைத் தொடக் கூடாது. சில்வர் பேனாவால் குறிப்பார்கள். வெளிர் நிறத் தோலில் அந்தக் கோடு போகாமலே நின்றுவிடும், ஓரமாக ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

விலைக் கணக்கும் இங்கேதான் வருகிறது. ஒரு பைக்கு எல்லாப் பேட்டர்னையும் கூட்டினால் 6 சதுர அடி என்று வைப்போம். வெட்டும்போது நூற்றுக்கு இருபத்தைந்து வீணாகும் என்றால் எவ்வளவு தோல் வேண்டும்? ஆறோடு கால்வாசி சேர்த்து ஏழரை என்பார்கள். தப்பு. வாங்கும் தோலில் முக்கால்வாசிதான் பையாகிறது. அப்படியானால் 6-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும், 8 அடி. ஒரு பைக்கு அரை அடி வித்தியாசம், அறுபது பைக்கு முப்பது அடி. சதுர அடி 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கும்.

மீதியையும் போட்டுப் பார்ப்போம். தோல் 800. லைனிங், ஜிப், பக்கிள் போன்ற பிட்டிங் 260. நூல், சொல்யூஷன், ஓரப் பெயின்ட் 40. ஆகமொத்தம் 1,100. ஐந்து மணி நேர வேலை, மணிக்கு 100 வீதம் 500. இதில் உங்கள் கூலி, உங்கள் மனைவியின் கூலி இரண்டும் இருக்க வேண்டும். வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டால் அது தொழிலே இல்லை. மின்சாரம், வண்டிச் செலவு, மெஷின் ரிப்பேர், அறைக்கு வாடகை (சொந்த அறையாக இருந்தாலும்) எல்லாம் மாதம் 15,000, மாதம் அறுபது பை என்றால் பைக்கு 250. இதுவரை 1,850. கெட்டுப்போகும் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,940-க்குப் பக்கம். இதன் மேல்தான் லாபம். கடைக்காரர் 2,000-க்குக் கேட்டால் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊர் விலையில் இந்த எண்கள் எல்லாம் மாறும், ஆனால் போடும் முறை இதுதான்.

ஓரம் சீவுவதை ஸ்கைவிங் என்பார்கள். மடிக்க வேண்டிய ஓரத்தையும் இரண்டு துண்டு சேரும் இடத்தையும் அரை மில்லிமீட்டருக்குச் சீவ வேண்டும். சீவாமல் மடித்தால் நான்கு அடுக்கு சேரும் மூலையில் பருத்துப்போய் மெஷின் கால் ஏறாது. பர்ஸ் பார்த்தவுடனே ‘வீட்டில் செய்தது’ என்று தெரிவது இந்தத் தடிப்பால்தான். ஆரம்பத்தில் கையாலேயே சீவிப் பழகலாம். கத்தி அவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும். தோல் கிழிகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை கத்தி மழுங்கியிருக்கும். வேலை கூடியதும் நான் வாங்கச் சொல்லும் முதல் மெஷின் தையல் மெஷின் அல்ல, மணி வடிவக் கத்தி சுற்றும் ஸ்கைவிங் மெஷின்.

ஒட்டுவது. தோலில் குண்டூசி குத்த முடியாது. ஓரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தி சுத்தியலால் தட்ட வேண்டும். ஈரத்திலேயே ஒட்டினால் பிடிக்காது. பெரும்பாலான சொல்யூஷனில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கிறது. தலை சுற்றும், நாள்பட்டால் நரம்பையும் பாதிக்கும், நெருப்பு சட்டென்று பிடிக்கும். உங்கள் அறையில் ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறதோ அங்கே எக்ஸாஸ்ட் பேன் போட்டு அதன் கீழே ஒட்டும் மேசை. அந்த அறையில் சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது. நைலான் நூலின் நுனியை லைட்டரால் கருக்குவோம், அதையும் டப்பா மூடிய பிறகு, அறையின் மறு கோடியில். வீட்டை ஒட்டிய அறை என்கிறீர்கள், குழந்தைகள் இருந்தால் ஒட்டும் நேரத்தில் உள்ளே விடாதீர்கள். தண்ணீரில் கரையும் பசையும் கிடைக்கிறது. காய நேரம் எடுக்கும், ஆனால் லைனிங்குக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது மெஷின். உங்கள் பவர் டேபிளில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியைத் தள்ளுகிறது. தோலில் மேல் கால் ஒட்டிக்கொள்ளும். மேல் துண்டு நின்றுவிடும், கீழ்த் துண்டு நகரும், பல் தடமும் விழும். டெப்லான் கால் மாட்டி, தோல் ஊசி போட்டு, மெல்லிய ஆட்டுத் தோல் இரண்டு அடுக்கு தைக்கலாம். அதற்கு மேல் கேட்டால் மெஷினின் டைமிங் (ஊசியும் கீழே இருக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) போய்விடும். பைக்கு வேண்டியது ஊசியும் காலும் பல்லும் மூன்றும் சேர்ந்து நகரும் வாக்கிங் புட் மெஷின். தட்டையான படுகை உள்ளதே முதலில் போதும். குழாய் போன்ற கை நீட்டிக்கொண்டிருப்பது, பெட்டி மாதிரிப் பைகளுக்கு. அது பிறகு. கம்பம் போல நிற்பது ஷூக்காரர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

பழையது வாங்கலாம், தப்பில்லை. பார்க்கப் போகும்போது உங்கள் தோலையும் உங்கள் நூலையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் துண்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நான்கு அடுக்கில் தொடங்கி இரண்டு அடுக்குக்கு இறங்குமாறு தையுங்கள். இறங்கும் இடத்தில் தையல் விட்டுப்போகிறதா பாருங்கள். ரிவர்ஸ் போட்டால் அதே ஓட்டையில் விழுகிறதா? மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், எங்காவது இடித்தால் அந்த இடத்தைக் காட்டி விலை பேசுங்கள். கிளட்ச் மோட்டார் இருந்தால் கழற்றிவிட்டு சர்வோ போட்டுக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஓடும், ஒவ்வொரு தையலாக நகர்த்தலாம். பனியன் கம்பெனி வேகம் இங்கே உங்களுக்கு எதிரி.

நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். பர்ஸுக்கு 40 நம்பர் நூல், 18 நம்பர் ஊசி. பைக்கு 20 நம்பர் நூல், 21 அல்லது 22 நம்பர் ஊசி. நூலில் நம்பர் குறைந்தால் தடிமன் கூடும், ஊசியில் நம்பர் கூடினால் தடிமன் கூடும், குழப்பிக்கொள்ளாதீர்கள். தையல் அங்குலத்துக்கு 7 அல்லது 8. துணி மாதிரி 12 வைத்தால் தபால்தலைத் தாள் போல அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு தையல் மட்டும் ரிவர்ஸ், அதுவும் அதே ஓட்டையில்.

சரி, மெஷின் இல்லாமல் முதல் மூன்று மாதம் என்ன செய்வது? பெல்ட். கார்டு வைக்கும் சின்ன பர்ஸ். ஸ்டீல் ஸ்கேல், நல்ல கத்தி, கட்டிங் மேட், ஓட்டை போடும் பஞ்ச், குத்தூசி, வரிசையாகத் துளையிடும் முள், மரச் சுத்தியல், மெழுகு நூல், இரண்டு ஊசி. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் எதிரெதிராக இரண்டையும் செலுத்தித் தைப்பது. ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் அந்த வசதி கிடையாது. வாங்குபவரிடம் இதைக் காட்டிச் சொல்லலாம், விலையும் கேட்கலாம். பணத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: கருவிக்கும் பழகும் தோலுக்கும் 30,000-க்குள். மெஷின்களுக்கு ஒரு லட்சம் சுமார், அதுவும் ஆர்டர் வந்த பிறகு. மீதியைத் தொடாதீர்கள். தோல் கைக்காசுக்குத்தான் தருவார்கள், நீங்கள் விற்கும் கடை கடன் சொல்லும். நடுவில் உங்களைத் தாங்குவது அந்தப் பணம்.

பழக வேண்டுமென்றால் சென்னையில் அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையமும் பயிற்சி தருகின்றன, விசாரித்துப் பாருங்கள். நந்தம்பாக்கத்தில் வருடத் தொடக்கத்தில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். எல்லா மெஷினையும் ஓட்டிப் பார்க்கலாம்.

காகித வேலை அதிகமில்லை. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அதில் ஒரு நல்ல பயன் உண்டு. பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டி. வழக்குப் போடுவீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே சில கம்பெனிகளின் பேச்சு மாறும். எப்படியும் பாதி முன்பணம் இல்லாமல் தோல் வெட்டாதீர்கள். ஜிஎஸ்டி, உள்ளூரில் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை வேண்டாம். ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்ப ஆரம்பிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைத் தோலை வாங்கி நாமே பதனிட்டால் மலிவாகுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அது தனித் தொழில். தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்ட கதையும், அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்ததும் ஆம்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் அறையில் விழும் குரோம் தோல் துண்டுகளையும் கொளுத்தாதீர்கள். எரியும்போது அதில் இருக்கும் குரோமியம் விஷமான வகையாக மாறக்கூடும். மூட்டையாகச் சேர்த்து வைத்தால் துண்டுத் தோல் வாங்குபவர்கள் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, மெஷின் வாங்கக் காசு சேர்க்க இருக்கிற பவர் டேபிளை விற்கலாமா என்றும் யோசிப்பீர்கள். விற்காதீர்கள். பையின் லைனிங், உள் பாக்கெட், ஜிப் எல்லாம் துணி வேலைதான். அதை வாக்கிங் புட்டில் தைத்தால் பெரிய ஊசி துணியில் ஓட்டை போட்டுவிடும். உங்கள் மனைவி ஒரு பக்கம் லைனிங் முடித்துக்கொண்டிருக்க, நீங்கள் மறுபக்கம் தோல் வெட்டலாம். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு திரை மட்டும் போட்டுவிடுங்கள், சீவிய தோல் தூசி வெள்ளை லைனிங்கில் ஏறினால் தட்டினாலும் போகாது.